ஐந்து பருவமழைகள்

ஆனேக்கல் என்ற பெயருக்குக் கன்னடத்தில் இரண்டு விதமாகப் பொருள் சொல்கிறார்கள். பிரித்துப் படித்தால் யானைக்கல். சேர்த்துப் படித்தால் ஆலங்கட்டி. ஆடி மாதம் முழுக்க மேகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் மேட்டு நிலத்து ஊருக்கு இரண்டாவதுதான் பொருத்தம்.

பெங்களூரிலிருந்து தெற்கே 40 கிலோமீட்டருக்குள் இருக்கிறது ஊர். ஓசூர் கூப்பிடு தூரம். சந்தாபுரம், அத்திப்பள்ளி, ஜிகணி என்று வட்டத்தின் நல்ல பகுதியைத் தொழிற்பேட்டைகளும் அடுக்குமாடி வீடுகளும் எடுத்துக்கொண்டுவிட்டன. மிச்சமிருக்கும் செம்மண்ணில் இன்னமும் ராகி விதைக்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தால்தான் கடலைக் கண்ணால் பார்க்கலாம். ராகி விதைக்கிற பலருக்கு அதற்கான அவசியம் வாழ்நாளில் ஒருமுறைகூட ஏற்பட்டிருக்காது.

ஆனால் அவர்களுடைய மழை கடலில் தயாராகிறது. அது எப்படித் தயாராகிறது, சில வருடங்களில் ஏன் தயாராவதில்லை என்ற கேள்வியோடு, அதே மேட்டு நிலத்தில், நகரத்தின் மறுகோடியில் சிலர் ஐந்தாறு வருடங்களைக் கழிக்கிறார்கள். இந்திய அறிவியல் கழகத்தின் வளிமண்டல, கடல் அறிவியல் மையத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் மாணவர்கள். 1982இல் தொடங்கியபோது மையத்தின் பெயரில் வளிமண்டலம் மட்டும்தான் இருந்தது. கடல் பிறகு வந்து சேர்ந்தது. காற்றைப் படிக்கப் போனவர்களால் கடலைத் தவிர்க்க முடியவில்லை.

ஊருக்குப் போகும்போதெல்லாம் இந்த மாணவர்கள் ஒரு கேள்வியைச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. கடல் ஆராய்ச்சி என்றால் மீனைப் பற்றியா? அவர்கள் படிப்பது இயற்பியல் கடலியல். அதில் மீன் இல்லை, பவளப்பாறை இல்லை, திமிங்கிலம் இல்லை. தண்ணீரின் சூடு, உப்பு, அது ஓடும் திசை, வேகம், அதன் மேல் வீசும் காற்று. இவ்வளவுதான். இதை விளக்கி முடிப்பதற்குள் கேட்டவர் சம்பளத்தைப் பற்றிய அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

அந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. மத்திய அரசின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2019இல் மாதம் 25,000 ரூபாயிலிருந்து 31,000 ஆனது. நாடு முழுக்க ஆய்வு மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு. 2023 ஜனவரியிலிருந்து அது 37,000 ரூபாய். முதல் இரண்டு ஆண்டுகள் தாண்டினால் 42,000. பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்குத்தான் இந்தப் பணம். ரசாயனம் படிப்பவருக்கும் கம்ப்யூட்டர் படிப்பவருக்கும் இதே ஐந்து ஆண்டுதான். ஆனால் கடல் படிப்பவருக்கு ஐந்து ஆண்டு என்பது வேறு கணக்கு. ரசாயனக் கூடத்தில் ஒரு சோதனை கெட்டுப்போனால் அடுத்த திங்கட்கிழமை மறுபடி செய்யலாம். பருவமழை வருடத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. ஆகவே அவர் கையிலிருப்பது ஐந்து பருவமழைகள்.

அதிலும் முதலாவது பாடங்களுக்குப் போய்விடும். பெரும்பாலோர் இயற்பியல், கணிதம் அல்லது பொறியியல் படித்துவிட்டு வருகிறவர்கள். வாழ்க்கையில் முதன்முறையாகப் பூமி சுற்றுகிறது என்ற உண்மையைச் சமன்பாட்டில் எழுதிப் பார்க்கிறார்கள். கடைசிப் பருவமழை ஆய்வேடு எழுதுவதில் ஜன்னலுக்கு வெளியே பெய்து முடியும். நடுவில் மூன்று. அந்த மூன்றில் ஒன்றில் கப்பல் கிடைக்க வேண்டும். கிடைத்த கப்பல் குறித்த மாதத்தில் கிளம்ப வேண்டும். கருவி வேலை செய்ய வேண்டும். வானிலை ஒத்துழைக்க வேண்டும். மானாவாரி விவசாயிகளின் கணக்குக்கு இவ்வளவு நெருங்கிய படிப்பு வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம்.

இந்தத் துறையில் மாணவர்களுக்குத் தைரியம் சொல்ல வழக்கமாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 1893 முதல் 1896 வரை நார்வேக்காரர் நான்சென் தன் கப்பலை ஆர்க்டிக் பனியில் வேண்டுமென்றே சிக்க வைத்து, பனியோடு சேர்ந்து மிதந்தார். பனி காற்றடிக்கும் திசையில் போகவில்லை, 20 முதல் 40 டிகிரி வலப்பக்கமாக விலகிப் போகிறது என்று கவனித்தார். காரணம் பூமியின் சுழற்சி என்று ஊகித்தார். கணக்குப் போடத் தெரியவில்லை. அந்தக் கணக்கு ஸ்வீடனின் எக்மன் என்ற மாணவரிடம் போனது. அவர் போட்டார். 1902இல் அது அவருடைய முனைவர் பட்ட ஆய்வாயிற்று. இன்றைக்கும் உலகத்தில் எங்கே கடலியல் படித்தாலும் முதல் பருவத்தில் எக்மனின் கணக்கைப் போட்டாக வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையை ஒட்டிக் குளிர்ந்த அடிநீர் மேலே வருவதற்கும் அதே கணக்குதான் விளக்கம்: காற்று கரையோரமாக வடக்கே வீச, மேல்நீர் வலப்பக்கம், அதாவது ஆழ்கடல் பக்கம் விலகுகிறது, அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து நீர் எழுகிறது.

கதை அழகானது. ஆனால் எக்மனுக்குக் கேள்வியை யாரோ மூன்று வருடம் பனியில் உட்கார்ந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். பெங்களூர் மாணவருக்கு அந்தப் பாக்கியமில்லை. கேள்வி பெரும்பாலும் வங்காள விரிகுடாவில் கிடக்கிறது. அங்கே போய்த்தான் எடுத்துவர வேண்டும்.

அந்தக் கேள்வி சுவாரஸ்யமானது. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி என்று பெரிய நதிகளெல்லாம் வங்காள விரிகுடாவில் விழுகின்றன. மேலே மழையும் கொட்டுகிறது. ஆவியாகிப் போவதைவிட வந்து விழும் நல்ல தண்ணீர் அதிகம். உலகக் கடல்களில் ஒரு கிலோ நீருக்குச் சராசரி 35 கிராம் உப்பு என்றால், விரிகுடாவின் வடக்கே மழைக்காலம் முடியும்போது மேல்நீரில் சில இடங்களில் 30 கிராமுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கடலுக்கு 'முந்நீர்' என்று பெயர் வந்ததற்கு ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர் மூன்றும் கலந்ததால் என்று உரைகாரர்கள் சிலர் காரணம் சொல்லியிருக்கிறார்கள். வேறு விளக்கங்களும் உண்டு. ஆனால் அந்த உரைகாரர்கள் கிழக்குக் கடலை மனதில் வைத்துச் சொல்லியிருந்தால் அவர்கள் சொன்னது சரியான கடலியல்.

உப்புக் குறைந்த நீர் லேசானது. அது பாலின் மேல் ஆடைபோலக் கடலின் மேலே மெல்லிசாகப் படர்ந்து நிற்கிறது. காற்றால் அதைக் கீழே இருக்கும் கனமான நீரோடு எளிதில் கலக்கிவிட முடிவதில்லை. வெயிலின் சூடு முழுவதும் அந்த மெல்லிய அடுக்கிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே மழைக்காலத்திலும் விரிகுடாவின் வடபகுதி வெதுவெதுப்பாக இருக்கிறது. மேகங்கள் அதன்மேல் திரும்பத் திரும்பக் கூடுகின்றன. மழை பெய்து அடுக்கை இன்னும் லேசாக்குகிறது. அரபிக் கடலில் பருவக்காற்று நீரைக் கலக்கிக் குளிர வைத்துவிடும்போது இங்கே அப்படி நடப்பதில்லை.

எவ்வளவு வெதுவெதுப்பு வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. அதைச் சொன்னவர்களில் ஒருவர் சுலோசனா காட்கில். பெங்களூரில் கடல் படிப்புக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் முக்கியமானவர், 2025இல் காலமானார். புனேயில் பிறந்து ஹார்வர்டில் படித்தவர். 1970இல் அங்கே முனைவர் பட்டம் பெற்ற அவருடைய ஆய்வு, சுழலும் பூமியில் கடலின் வேக நீரோட்டங்கள் எப்படி வளைந்து நெளிகின்றன என்பதைப் பற்றிய கணிதம். அமெரிக்கக் கரையோரத்து வளைகுடா நீரோட்டம்தான் அதன் உதாரணம். 1971இல் இந்தியா திரும்பினார். இரண்டு வருடத்தில் பெங்களூர் வந்தார். அட்லாண்டிக் நீரோட்டத்தைப் படித்தவருக்கு இங்கே என்ன வேலை என்று அந்தக் காலத்தில் யாராவது கேட்டிருக்கக்கூடும். அவர் பருவமழையை எடுத்துக்கொண்டார். டி.ஆர். சிக்காவுடன் சேர்ந்து 1970களின் செயற்கைக்கோள் படங்களை நாள் நாளாகப் பார்த்து, மேகக் கூட்டம் நிலநடுக்கோட்டுக் கடலில் பிறந்து வடக்கு நோக்கி நிலத்துக்கு ஏறுகிறது, சில வாரம் கழித்து மறுபடி ஒன்று பிறந்து ஏறுகிறது என்று 1980இல் காட்டினார். 1984இல் பி.வி. ஜோசப், என்.வி. ஜோஷி இருவருடன் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை கடலின் சூட்டைப் பற்றியது. மேல்நீர் ஏறத்தாழ 28 டிகிரி செல்சியஸைத் தாண்டாத இடத்தில் பெரிய மழை மேகங்கள் அதிகம் எழுவதில்லை. தாண்டினால் எழ வாய்ப்புண்டு. எழுந்தே தீரும் என்பதில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் அதற்குப் பிறகு வந்த பல மாணவர்களின் ஆய்வேடுகள் அடங்கியிருக்கின்றன.

பின்னாளில் அவர் தும்கூர் மாவட்டத்துப் பாவகடாவில் நிலக்கடலை விவசாயிகளோடு உட்கார்ந்து, பழைய மழைப் பதிவுகளை வைத்து எந்த நாட்களில் விதைத்தால் நஷ்டம் குறைவு என்று சக ஆய்வாளர்களோடு கணக்குப் பார்த்தார். நீரோட்டத்தின் வளைவில் தொடங்கிய படிப்பு நிலக்கடலையில் வந்து முடிந்தது. ஆராய்ச்சி மானியம் கேட்கும் விண்ணப்பத்தில் இப்படி ஒரு பாதையை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கச் சொன்னால் யாராலும் முடியாது.

செயற்கைக்கோள் கடலின் மேல்தோலைத்தான் பார்க்கிறது. அடியில் என்ன நடக்கிறது என்று தெரிய இறங்கித்தான் ஆக வேண்டும். 1999 ஜூலை, ஆகஸ்டில் சாகர் கன்யா, சாகர்த்வனி என்ற இரண்டு கப்பல்கள் விரிகுடாவில் நின்று கடலையும் காற்றையும் ஒரே சமயத்தில் அளந்தன. அறிவியல் கழகத்தின் ஜி.எஸ். பட் முன்னின்று நடத்திய சோதனை அது. அதற்கு முன்னால் நடு மழைக்காலத்தில் விரிகுடாவின் வடக்கே எடுத்த அளவுகள் சொற்பம். இத்தனைக்கும் நூறு கோடி மக்களுக்கு அன்னமிடும் மழை.

அடுத்த பெரிய வாய்ப்புகளில் ஒன்று 2016இல் வந்தது. ஜூன் 24ஆம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து சிந்து சாதனா கிளம்பியது. கோவாவிலிருக்கும் தேசியக் கடலியல் நிறுவனத்தின் கப்பல். இந்தியாவும் பிரிட்டனும் சேர்ந்து நடத்திய ஆய்வு. இந்தியத் தரப்பில் அறிவியல் கழகத்தின் பி.என். விநயச்சந்திரன், பிரிட்டிஷ் தரப்பில் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தின் ஆட்ரியன் மேத்யூஸ். இலங்கைக்குக் கிழக்கே, எட்டாவது அட்சரேகையை ஒட்டி வேலை. ஐந்து கிளைடர்களைக் கடலில் இறக்கிவிட்டார்கள். ஆள் இல்லாமல் தானே மூழ்கித் தானே எழுந்து அளவெடுக்கும் கருவிகள் அவை.

இப்படிப்பட்ட பயணத்தில் மாணவருடைய வேலை கேட்க வீரசாகசமாக இருக்கும், செய்வதற்கு அப்படியில்லை. சூடு, உப்பு, ஆழம் மூன்றையும் அளக்கும் சி.டி.டி. என்ற கருவியை வின்ச்சில் கட்டி இறக்குவார்கள். சுற்றிலும் தண்ணீர் பிடிக்கும் குழாய்கள். ஒரு விநாடிக்கு ஒரு மீட்டர் போல அது இறங்கும். ஆயிரம் மீட்டர் போய்த் திரும்ப அரை மணிக்கு மேல். திரையில் இரண்டு கோடுகள் மெல்ல வளரும். மாணவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மேலே வந்ததும் குழாய்களிலிருந்து பாட்டில்களில் நீர் பிடித்து, எண் ஒட்டி, மூடியை இறுக்கி வைக்க வேண்டும். ஒரு பாட்டிலின் எண் மாறினால் அது தெரியவருவது பெங்களூரில், எட்டு மாதம் கழித்து. பிறகு கப்பல் நகரும், அடுத்த இடம், மறுபடி இறக்கம். இரவு இரண்டு மணிக்கும் இதுதான், பகல் இரண்டு மணிக்கும் இதுதான். முறை வைத்துத் தூங்குவார்கள். முதல் மூன்று நாள் குமட்டல் பாதிப் பேரைப் படுக்க வைத்துவிடும். 900 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து கடலைப் பற்றி நான்கு கட்டுரை படித்தவருக்கு, கடல் என்பது வயிற்றைப் பிடித்து ஆட்டுகிற ஒன்று என்பது அப்போதுதான் தெரியவரும்.

ஜூலை முதல் பாதியில் சிந்து சாதனா பத்து நாட்கள் ஒரே இடத்தில் நின்றது. மழையையும் புயல் காற்றையும் அளக்கப் போனவர்களுக்கு வாய்த்ததோ வெயில். பருவமழைக்கு இடையில் வரும் ஓய்வு அது. வானம் வெளுத்துக் கிடந்தது, காற்று தணிந்துவிட்டது. வேறு கப்பலாக இருந்தால் துரதிர்ஷ்டம் என்பார்கள். ஆனால் ஆய்வின் நல்ல பலன் இந்தச் சும்மா இருந்த நாட்களில்தான் கிடைத்தது. மேல்நீர் நாளுக்கு நாள் சூடேறியது. கலங்கிப்போயிருந்த உப்புக் குறைந்த அடுக்கு மறுபடி கூடி மூடிக்கொண்டது. அடுத்த மழைச் சுற்றுக்குக் கடல் தன்னைத் தயார் செய்துகொள்வதை அளவுகளில் பார்க்க முடிந்தது. பிறகு மேகம் வந்தது.

இன்னொன்றும் கிடைத்தது. அவ்வளவு நதி நீரைக் குடித்தும் விரிகுடா ஏன் நன்னீர் ஏரியாகிவிடவில்லை? கோடைப் பருவ நீரோட்டம் அரபிக் கடலின் உப்பு நீரை இலங்கையைச் சுற்றிக் கொண்டுவந்து, விரிகுடாவின் லேசான நீருக்கு அடியில் செருகுகிறது. அது அங்கங்கே கலங்கி மேலே வருகிறது. கோடைப் பருவத்து உப்பு பம்ப் என்று விநயச்சந்திரனும் சக ஆய்வாளர்களும் 2013இல் எழுதியிருந்தார்கள். 2016இல் கப்பலுக்குக் கீழே அந்த உப்பு நீரோட்டம் ஓடிக்கொண்டிருந்ததைக் கருவிகள் குறுக்கு வெட்டாக அளந்தன. ஒரு கடல் இன்னொரு கடலுக்கு உப்பு அனுப்பிக்கொண்டிருக்கிறது. இது தினத்தாள்களில் முதல் பக்கத்துக்கு வந்ததாகத் தெரியவில்லை.

ஜூலை 23ஆம் தேதி கப்பல் திரும்பியது. முப்பது நாள். அந்த முப்பது நாளின் எண்கள் சிலருடைய அடுத்த மூன்று வருடம்.

கரைக்கு வந்த பிறகு நடப்பதைப் பற்றி எழுத அதிகமில்லை, வாழ்வதற்குத்தான் அதிகம். கருவி காட்டிய உப்பும் பாட்டிலில் பிடித்த நீரின் உப்பும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போகாது. மூன்றாவது தசம ஸ்தானத்தில் தகராறு இருக்கும். அதைத் தீர்க்கச் சில மாதம். பிறகு புரோகிராம் எழுதுவது, படம் வரைவது, கைடு திருத்துவது, மறுபடி வரைவது. முன்பு எல்லோரும் ஃபெரட் என்ற மென்பொருளோடு மல்லுக்கட்டினார்கள், இப்போது பைத்தானோடு. கட்டுரையை அனுப்பினால் பெயர் தெரியாத மதிப்பீட்டாளர்கள் இன்னும் ஒரு வருடத்து அளவுகள் இருந்தால் நன்றாயிருக்கும் என்று எழுதுவார்கள். இருந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

கப்பலே வேண்டாம் என்று முடிவு செய்கிற மாணவர்களும் இருக்கிறார்கள். உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 ஆர்கோ மிதவைகள் அலைகின்றன. பத்து நாளைக்கு ஒரு முறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து அளந்துகொண்டே மேலே வந்து செயற்கைக்கோளுக்குச் சேதி சொல்லிவிட்டு மூழ்கிவிடும். இந்தியாவுக்கான தகவல்களை ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் தருகிறது. விடுதி அறையிலிருந்தே இறக்கிக்கொள்ளலாம், இலவசம். இருபது வருடத்துக்கு மேல் சேர்ந்த அளவுகள். ஒரு தலைமுறை மாணவர்களின் வாழ்க்கையை இது சுலபமாக்கியது, நியாயமாகச் சொன்னால் சாத்தியமாக்கியது. ஒரே சிக்கல், மிதவைகளில் பெரும்பாலானவை மேற்பரப்பை நெருங்கும்போது கடைசிச் சில மீட்டர்களை அளக்காமல் விட்டுவிடுகின்றன. அழுக்கு புகுந்து கருவி கெட்டுவிடக்கூடாது என்பதற்காக. விரிகுடாவின் ரகசியமோ சில சமயம் அந்தச் சில மீட்டரில்தான் இருக்கிறது. ஆகவே கப்பலுக்கான வரிசை குறையவில்லை. ஒரு பருவம் தள்ளிப்போனால் நிர்வாகத்துக்கு அது தேதி மாற்றம். மாணவருக்கு ஐந்தில் ஒன்று.

இப்படிக் கிடைத்த எண்கள் ராகிக்காரருக்கு வந்து சேர்ந்தனவா என்றால், நேராக வரவில்லை. ஆனேக்கல் பக்கத்து மழை வேறு ரகம். ஜூன், ஜூலையில் மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்து மிச்சம் விட்டதுதான் இங்கே. நல்ல மழை செப்டம்பர், அக்டோபரில். விரிகுடாவில் உருவாகும் மண்டலங்களின் பங்கு அதில் கணிசம். இரண்டு மூன்று வாரம் முன்னால் மழை நிற்குமா, தொடருமா என்று சொல்ல முடிந்தால் விதைப்பதற்கும் உரம் போடுவதற்கும் உதவும். அப்படிச் சொல்லும் கம்ப்யூட்டர் மாதிரிகளில் கடலின் மேல் அடுக்கு எப்படிச் சூடேறி எப்படிக் கலங்குகிறது என்ற பகுதி இன்னமும் பலவீனமானது. அதைத் திருத்துவதற்கான எண்கள்தான் அந்தப் பாட்டில்களில் இருக்கின்றன. எண் ஒட்டியவர் யார் என்று மழை அறிவிப்பு கேட்பவருக்குத் தெரியாது. எண் ஒட்டியவரும் பெரும்பாலும் ஆனேக்கல் வழியாக ஓசூர் பஸ்ஸில் போகும்போது தூங்கிவிடுவார்.

ஆனேக்கல் வட்டத்தின் கிழக்கு ஓரமாகப் போகிறது தென்பெண்ணை. கன்னடத்தில் தட்சிண பினாகினி. பெங்களூர் ஏரிகளின் கழிவையும் சுமந்துகொண்டு, கெலவரப்பள்ளி அணையில் நுரைத்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர் வழியாகக் கடலூரில் விரிகுடாவில் விழுகிறது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடும் காலம். தென்கரை மீனவர்கள் வாநீவாடு என்று சொல்லும் அந்த ஓட்டத்தில் கங்கையின் நீரோடு இதுவும் சேர்ந்து இலங்கைப் பக்கம் போகும். கடலின் கணக்கில் இது ஒரு சொட்டு.

அறிவியல் கழகத்தில் புது மாணவர்கள் ஆகஸ்டில் சேர்கிறார்கள். அந்த வருடத்துப் பருவமழை அதற்குள் பாதி முடிந்திருக்கும்.